நிறைகுடம் ஈந்த சம்மகாரன்

(பலமனேரில் பௌர்ணமி உபோசத நாளன்று, அமராவதி யாத்திரைக்குப் புறப்படவிருந்த உபாசக உபாசிகைகளுக்கு நிகழ்த்திய அறவுரை)





இன்று முழுமதி நாள். காலையில் நாம் ஒன்றுகூடித் திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்றோம். உபோசதம் காப்போர் எட்டுச் சீலங்களையும் ஏற்று நோன்பிருக்கின்றீர்கள். இன்னும் சில நாட்களில் உங்களிற் பலர் கிருஷ்ணையாற்றங்கரையிலுள்ள அமராவதிக்கு யாத்திரை செல்லவிருக்கின்றீர்கள். அந்த யாத்திரையின் பயன் யாது என்பதைக் குறித்துப் பேசுமாறு பெரியோர் பணித்தனர்.

நான் வேறொன்றைப் பேச எண்ணியிருந்தேன். ஆனால் நேற்று மாலை ஓர் இளைஞர் என்னிடம் வந்து கேட்ட வினா அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. "ஐயா, நம் பாட்டன்மார் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று திரும்பியவர்கள். கல்லைத் தொழுவதும் கல்லிடம் வரம் கேட்பதும் வேண்டா என்றுதானே நாம் பகவன் புத்தரின் நெறிக்கு வந்தோம்? இப்பொழுது உடைந்த கற்களைக் காண இவ்வளவு பணம் செலவிட்டு அவ்வளவு தூரம் போவானேன்?" என்று அவர் கேட்டார். இது தகுதியான வினா. இதற்கு விடையறியாமல் புறப்படுவோமாயின், நாம் செல்வது யாத்திரையாகாது. வண்டியேறி ஊர் சுற்றிவந்த கதையாகவே முடியும்.

இவ்வூரையடுத்து ஓடும் ஆற்றின் பெயர் கௌண்டின்யா. இங்குள்ள காட்டுக்கும் அதுவே பெயர். அவ்வாறு குடியாத்தம் வழியே சென்று பாலாற்றோடு கலக்கின்றது. அப்பெயர் அதற்கு எவ்வாறு வந்ததாயினும் ஆகுக. பௌத்தர் செவியில் அது விழும்பொழுது வேறொருவர் நினைவுக்கு வருதல் இயல்பு. காசியையடுத்த இசிபதன மான்சோலையில் பகவன் முதன்முதலாக அறவாழி உருட்டியபொழுது, கேட்டவர் ஐவர். அவ்வைவருள் முதலில் உண்மை உணர்ந்தவர் கௌண்டின்யர். அவர் உணர்ந்தது யாது? தோன்றும் இயல்புடையது எதுவோ அஃதெல்லாம் மறையும் இயல்புடையது என்பதே. நாடோறும் இந்த ஆற்றைக் கடக்கும் நீங்கள் இவ்வுண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு அமராவதிக்குச் செல்லவேண்டும். ஏனெனில் அங்கே நீங்கள் முதலில் காணப்போவது ஓர் அழிவு.

அமராவதி என்றவுடன் இந்நாளில் பலருக்கு ஆந்திர மாநிலத்தின் புதிய தலைநகரமே நினைவுக்கு வரும். அதற்குப் பெயர் கொடுத்த பழைய ஊருக்கே நீங்கள் போகின்றீர்கள். குண்டூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், கிருஷ்ணையின் தென்கரையில் அஃதுள்ளது. அதையொட்டிய தரணிக்கோட்டை, சாதவாகனர் காலத்தில் தான்யகடகம் என்னும் பெருநகரமாக விளங்கியது. அங்கே கி.மு. 3ஆம் நூற்றாண்டையொட்டித் தொடங்கி, கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை, தலைமுறை தலைமுறையாகக் கட்டியும் விரித்தும் அழகுபடுத்தியும் வந்தனர் ஒரு மகாசேதியத்தை.

சேதியம் என்பது கோயிலன்று. இதை நன்றாக மனத்திற் கொள்ளுங்கள். செங்கல்லால் எழுப்பிய திண்ணிய வட்ட மேடை, அதன்மேல் கவிழ்த்த கிண்ணம் போன்ற குவிமாடம், சுற்றிலும் கல்வேலி, வேலிக்கும் மேடைக்கும் இடையே வலம்வரும் வழி: இவ்வளவே அதன் அமைப்பு. அமராவதியில் அம்மேடையின் குறுக்களவு ஏறக்குறைய 49 மீட்டர். வேலியின் குறுக்களவு ஏறக்குறைய 59 மீட்டர். நான்கு திசைகளிலும் மேடையினின்று முன்னே நீண்ட நான்கு பீடங்கள். ஒவ்வொன்றின்மீதும் ஐந்தைந்து தூண்கள். அவற்றை ஆயகத் தூண்கள் என்பர். பகவனுடைய பிறப்பு, துறவு, போதி, முதலுரை, பரிநிர்வாணம் ஆகிய ஐந்தையும் அவை நினைவூட்டும்.

இவ்வமைப்பில் நம் இளைஞரின் வினாவுக்கு முதல் விடை அடங்கியிருக்கின்றது. சேதியத்துக்குக் கருவறை இல்லை. உட்புகும் வாயில் இல்லை. உள்ளேயிருந்து திரை விலக்குவோர் எவருமில்லை. உள்ளே செல்லத் தகுந்தவன், வெளியே நிற்க வேண்டியவன் என்று பிரிப்பதற்கு அங்கே உள்ளென்பதே கிடையாது. அரசனும் வலம்வந்தான், கூலியாளும் அதே வழியில் வலம்வந்தான். நம் பாட்டன்மார் வாயிலில் நிறுத்தப்பட்ட கட்டடமும் இதுவும் ஓரினமல்ல.

இனி, அது அழிந்த வகையைச் சொல்லவேண்டும். 7ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் தான்யகடகத்துக்கு வந்தபொழுதே விகாரைகள் பல வெறிச்சோடிக் கிடந்தன. எனினும் வழிபாடு ஒருங்கே அற்றுப்போகவில்லை. 1182ஆம் ஆண்டில் கோட மரபினனான கேதராஜன் அங்குள்ள புத்தருக்கு விளக்கெரிக்கக் கொடையளித்தான்; அக்கல்வெட்டு இன்றும் அவ்வூர் அமரேசுவரர் கோயில் தூணில் உள்ளது. 1344ஆம் ஆண்டில், இலங்கையின் கதலாதெனிய விகாரையில் பொறித்த கல்வெட்டில், தருமகீர்த்தி என்னும் தேரர் தாம் தான்யகடகத்துக்குச் சென்று அங்கே ஓர் இரண்டடுக்குப் படிம இல்லத்தைப் புதுப்பித்த செய்தியைக் கூறுகின்றார். அதன்பின் நினைவு மறைந்தது. மண் மூடியது. ஊரார் அம்மேட்டைத் தீபாலதின்னெ, அதாவது விளக்குமேடு, என்று மட்டும் அழைத்துவந்தனர். விளக்கேற்றியதன் நினைவு பெயரில் நின்றது. எவருக்காக ஏற்றினோம் என்பது மறந்துபோயிற்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு என்னும் ஜமீன்தார் அமராவதியில் புதிய ஊரெழுப்பினார். கட்டடத்துக்குக் கல் வேண்டி மேட்டை வெட்டினார்கள். வெண்மையாகப் பளபளத்த கற்கள் கிடைத்தன. சில படிக்கட்டாயின, சில சுவராயின, பல சுண்ணாம்புக்காகச் சூளையிலிடப்பட்டன. கர்னல் மெக்கன்சி அச்செய்தியறிந்து பார்வையிட்டார். 1816ஆம் ஆண்டு மீண்டும் வந்து எஞ்சியவற்றைப் படமெழுதச் செய்தார். 1845ஆம் ஆண்டு வால்டர் எலியட் தோண்டிச் சிற்பங்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றுட் பெரும்பகுதி 1859ஆம் ஆண்டு கப்பலேறி இலண்டன் சென்றது. இன்றும் அங்குள்ள பிரிட்டிஷ் காட்சிசாலையில் இருக்கின்றது. 1880ஆம் ஆண்டில், சென்னை அரசாங்கமே மேட்டை முற்றிலும் தோண்டிற்று. முடிவில் மேடிருந்த இடத்தில் பெரும்பள்ளம் ஒன்றே மிஞ்சியது.

அன்பர்களே, இதைக் கேட்டு எவர்மீதும் சினங்கொள்ள வேண்டா. கல்லைச் சூளையிலிட்ட கூலியாளுக்கு அக்கல்லில் எழுதியிருந்தது யாதென்று தெரியாது. அறிந்தவர் அங்கே எவரும் இல்லை. காக்கும் மக்களை இழந்த கல், வெறுங்கல்லாகின்றது. ஈராயிரம் ஆண்டுக் காற்றும் மழையும் அச்சேதியத்துக்குச் செய்யாத தீங்கை, ஒரு நூற்றாண்டின் அறியாமை செய்து முடித்தது. நாம் போதியாத தருமத்துக்கும் இதே கதி நேரும் என்பதை அப்பள்ளத்தின் ஓரத்தில் நின்று நினையுங்கள். இன்று தொல்பொருள் துறையினர் அவ்விடத்தைச் செம்மைப்படுத்தி வட்ட மேடையின் வடிவை விளங்கவைத்திருக்கின்றனர். அருகே ஒரு காட்சிசாலையும் இருக்கின்றது. ஆனால் தலைசிறந்த சிற்பங்கள் பலவற்றைக் காணவேண்டுமாயின் சென்னை எழும்பூர்க் காட்சிசாலைக்கே செல்லவேண்டும். அமராவதி வரை வர இயலாத முதியோர் வருந்தவேண்டா. எழும்பூரும் உங்களுக்கு யாத்திரைத் தலமே.

அச்சிற்பங்கள் யாவை? கல் சற்றே பசுமை கலந்த வெண்ணிறச் சுண்ணாம்புக்கல். பல்நாட்டுக் கல் என்பர். மெழுகிற் செய்ததுபோல் உளியின் நுண்மைக்கு இடங்கொடுக்கும் கல். எல்லாவற்றையும் விரித்துரைக்க நேரமில்லை. மூன்றை மட்டும் சொல்வேன்.

முதலாவது, வெற்றிருக்கை. பழஞ்சிற்பிகள் பல இடங்களிற் பகவனை மனிதவடிவிற் செதுக்கவில்லை. ஓர் இருக்கை, அதன்கீழே சக்கரக்குறி பொறித்த இரு பாதங்கள், பின்னே போதிமரம். சுற்றிலும் கூடியிருப்போர் கைகூப்பி அந்த இருக்கையை நோக்குகின்றனர். ஒரு சிற்பத்தில் நான்கு பெண்கள் பாதக்குறியின்முன் உடல் முழுதும் வளையக் குனிந்திருக்கின்றனர். அவர்கள் வணங்குவது கல்லையா? இருக்கையிலோ ஒருவருமில்லை. ஒருவர் நடந்துசென்ற வழியை வணங்குகின்றனர். பாதம் எதைக் குறிக்கும்? பின்தொடர்தலைக் குறிக்கும். "நான் சென்ற வழியில் நீயும் வா" என்பதைத் தவிரப் பாதக்குறிக்கு வேறு பொருளில்லை. இளைஞரே, உம்முடைய வினாவுக்கு இது இரண்டாம் விடை.

இரண்டாவது, நாளகிரி யானை. வட்டமான ஒரு கல்லில் ஒரு கதை முழுவதையும் காட்டிவிட்டான் அச்சிற்பி. இராசகிருகத்து வீதி. தேவதத்தன் சூழ்ச்சியால் கள்ளூட்டி அவிழ்த்துவிட்ட யானை ஒருபுறம் மதங்கொண்டு ஓடுகின்றது. துதிக்கையில் ஒருவன் அகப்பட்டிருக்கின்றான். மக்கள் சிதறுகின்றனர். அஞ்சிய பெண்ணொருத்தி அருகிருப்பவனைப் பற்றிக்கொள்கின்றாள். மாடத்துச் சாளரங்களில் முகங்கள் எட்டிப்பார்க்கின்றன. அதே வட்டத்தின் மறுபுறம், அதே யானை பகவனின் முன் மண்டியிட்டுக் கிடக்கின்றது.

இக்கதையைப் பிறவூரார்க்குச் சொல்வதற்கும் உங்களுக்குச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. 1980களில் இக்கௌண்டின்யக் காட்டிற்கு யானைகள் வந்துசேர்ந்தன. 1990ஆம் ஆண்டில் இது காட்டுயிர்ச் சரணாலயமாயிற்று. அன்றுமுதல் நெல்லும் கரும்பும் மாவும் பயிரிட்டோர் இரவெல்லாம் கண்விழித்துக் காவலிருக்கின்றீர்கள். யானை எத்தகையது என்பதை நீங்கள் ஏட்டிற் படித்தறியவில்லை. ஆகவே, அன்பிருந்தாற் போதும், யானையின் முன் சென்று நிற்கலாம் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அவ்வாறு சென்று எவரும் தம்முயிரைச் சோதிக்கவேண்டா. சிற்பி காட்டுவது வேறு. அவ்யானையின் மதம் அதனுடையதன்று. பிறர் ஊட்டிய கள்ளால் வந்தது. ஊட்டியவன் மறைந்து நின்றான். மிதிபட்டவர் வழியிற் சென்றவர். நம் சேரியிலும் இதுவே நடக்கின்றது. கள்ளும் சாராயமும் ஊட்டி, ஒரு தெருவை இன்னொரு தெருவின்மேல் ஏவிவிடுவோர் எங்கோ மறைந்து நிற்கின்றனர். ஐந்தாம் சீலத்தை நாம் ஏற்பது அதனால்தான். வெகுண்டு வருபவனைப் பார்க்கும்பொழுது, அவனுக்குக் கள்ளூட்டியவன் யார் என்று நினைக்கும் மனமே மைத்திரியின் தொடக்கம்.

மூன்றாவது, பிட்சைப் பாத்திரம். தேவர்கள் கூடி ஆடிப்பாடி, ஒரு தட்டில் பகவனின் பாத்திரத்தை ஏந்தி வானுலகு கொண்டுசெல்லும் காட்சி. இந்நாட்டிற் சிற்பிகள் கிரீடத்தைச் செதுக்கினர், வாளைச் செதுக்கினர். இங்கோ தேவர் தலைமேற்கொண்டு கொண்டாடுவது ஓர் இரவலனின் கலம். எல்லார் வீட்டுச் சோற்றையும், இன்னார் வீடு என்று விலக்காமல் ஏற்ற கலம் அது. அதனாலேயே அதற்கு அப்பெருமை.

இவையெல்லாம் கண்ணுக்கு விருந்து. ஆனால் இன்று நான் சொல்லவந்தது சிற்பத்தைப் பற்றியதன்று. சிற்பத்தின் ஓரத்தில், பலர் காணாமற் போகும் சிறு எழுத்துக்களைப் பற்றியது.

அந்த மகாசேதியம் ஒரே அரசன் தன் கருவூலத்தைத் திறந்து கட்டியதன்று. தூணொன்று ஒருவர் கொடை. பலகையொன்று ஒருவர் கொடை. வேலியின் குறுக்குக்கல் ஒன்று இன்னொருவர் கொடை. கொடுத்தவர் தம் பெயரை அக்கல்லிலேயே பிராமி எழுத்தில், பிராகிருத மொழியிற் பொறித்துவைத்தனர். படித்துப் பார்த்தால், வணிகர் இருக்கின்றனர், இல்லறத்தார் இருக்கின்றனர், பிக்குகளும் பிக்குணிகளும் இருக்கின்றனர். பெண்கள் பெயர் மிகப்பல. ஒரு கல்லில், தமிள கண்ணன் என்பவனும், அவன் தம்பி சுல்ல கண்ணனும், உடன்பிறந்தாள் நகா என்பவளும் சேர்ந்து மகாசேதியத்துக்கு நிறுத்திய பலகையைப் பற்றிய செய்தி இருக்கின்றது. தமிள என்பது தமிழன் என்பதே. அண்ணனும் தம்பியும் தங்கையுமாகத் தமிழ்க்குடும்பம் ஒன்று அந்நாளிலேயே அங்கே கல் நாட்டியது. பௌத்தம் தமிழனுக்கு வெளியாரிடம் வாங்கிய சட்டை என்று உங்களிடம் எவரேனும் சொன்னால், அக்கல்லை நினையுங்கள்.

இனி மற்றொரு கல். பூரணகுடம் செதுக்கிய பலகை. வாய்நிறையத் தாமரை மலர்ந்து வழியும் குடம் அது. அதைக் கொடுத்தவன் பெயர் விதிகன். அவன் தன்னை எவ்வாறு சொல்லிக்கொள்கின்றான்? சம்மகாரன் என்று. சம்மகாரன் என்றால் தோல் தொழிலாளி. உபாத்தியாயராகிய நாகரின் மகன், சம்மகாரன் விதிகன், தன் தாயோடும், மனைவியோடும், உடன்பிறந்தாரோடும், மகன் நாகனோடும், புதல்வியரோடும், சுற்றத்தாரோடும் நண்பரோடும் சேர்ந்து அளித்த நிறைகுடப் பலகை இது என்பதே அக்கல்வெட்டின் செய்தி.

பெரியோர்களே, இதைச் சற்று நின்று சிந்தியுங்கள். பூரணகும்பம் என்பது இந்நாட்டில் யாருக்கு எடுக்கப்படுகின்றது, யார் கையால் எடுக்கப்படுகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் முன்னோர் நிழல் அதன்மேற் பட்டால் தீட்டு என்றவர் இருந்தனர். ஆனால் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன், ஆந்திர நாட்டின் தலைசிறந்த சேதியத்தில், அந்நிறைகுடத்தை நிறுத்தியவன் ஒரு தோல் தொழிலாளி. இரவில் மறைந்து வந்து வைத்தவனல்லன். தொழிலையும் பெயரையும் சொல்லி, குடும்பம் முழுவதையும் உடன் நிறுத்தி, கல்லிற் பொறித்துவைத்தான். அவனுக்கு அதில் வெட்கமில்லை. ஏற்ற சங்கத்துக்கும் வெட்கமில்லை.

இன்னுமொன்று. அவன் தந்தை உபாத்தியாயர். மகன் தோல் வேலை செய்பவன். தொழில் பிறப்போடு பிணைந்து கிடந்ததாயின் இது எவ்வாறு நிகழும்? பாட்டனின் பெயரே பேரனுக்கும் இடப்பட்டிருக்கின்றது. அவ்வீட்டில் ஆசிரியர் பெயரும் தோல் தொழிலாளி பெயரும் ஒரே வரியில் மதிப்போடு நின்றன.

சில காலத்துக்குமுன் ஓர் ஊரில் சிறு விகாரை எழுப்பக் கொடை திரட்டினார்கள். முதியவர் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து ஒரு தொகை கொண்டுவந்தார். ஆயுள் முழுதும் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். கல்லில் எல்லார் பெயரும் அவரவர் தொழிலும் பொறிப்பதாக ஏற்பாடு. அவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, என் பெயரை மட்டும் போடச் சொல்லுங்கள். தொழிலைப் போட்டுவிட வேண்டா. பேரப்பிள்ளைகள் படித்து உத்தியோகத்தில் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்தால் தலைகுனிவார்கள்" என்றார். நான் அவருக்கு விதிகனுடைய கல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன் தாய் பெயரும் பெண்சாதி பெயரும் சேர்த்தா போட்டான்?" என்று கேட்டார். "பெயர் சொல்லவில்லை, தாயோடும் மனைவியோடும் என்று பொறித்தான்" என்றேன். "அப்படியானால் என் தாயைச் சேர்த்துப் போடுங்கள். தோல் ஊறவைத்த கை அவளுடையது" என்றார். தொழிலைப் பொறிக்கலாமா என்று நான் மறுமுறை கேட்கவில்லை. அவரே மறுநாள் வந்து, "போடுங்கள்" என்றார்.

இதை நான் சொல்வது, எல்லாரும் தத்தம் தொழிலையும் குலத்தையும் பறைசாற்ற வேண்டும் என்பதற்காகவன்று. மறைத்துக்கொள்வோரை நான் குறைகூற மாட்டேன். வாடகைக்கு வீடு கிடைக்காதவனும், பள்ளியிற் பிள்ளை படும் பாட்டைக் கண்டவனும் மறைப்பதற்குக் காரணம் உண்டு. அவ்வெட்கம் அவர்களுடையதன்று, அவர்களை வெட்கப்படுத்தியவர்களுடையது. ஆயினும் தருமம் இதைப்பற்றிச் சொல்வதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

உபாசகன் செய்யத்தகாத வாணிகங்கள் ஐந்தென்று பகவன் கூறினார். படைக்கலம் விற்றல், உயிர்களை விற்றல், ஊன் விற்றல், கள் விற்றல், நஞ்சு விற்றல் என்பவை அவை. செருப்புத் தைப்பதும், குப்பை கூட்டுவதும், மண் பிசைவதும், மயிர் மழிப்பதும் அப்பட்டியலில் இல்லை. மழிப்பவராகிய உபாலியை, சாக்கிய அரசிளங்குமரர் தம் செருக்கு ஒழியும்பொருட்டுத் தமக்கு முன்னரே சங்கத்திற் சேர்க்குமாறு வேண்ட, பகவன் அவ்வாறே செய்தார். குப்பை வாரிய சுனீதரை வீதியிலேயே அழைத்துச் சங்கத்திற் கொண்டார். பகவனுக்கு இறுதி உணவளித்தவன் சுந்தன் என்னும் கொல்லன். அவ்வுணவால் நோய் வந்ததென்று அவன்மேற் பழிவாராதபடி, பரிநிர்வாணத்தை நெருங்கிய நேரத்திலும் அவனுக்காக ஆனந்தரிடம் சொல்லிவைத்தார். ஆறுகள் பல கடலிற் சேர்ந்தபின் தம் பழம்பெயர்களை இழப்பதுபோல, இந்நெறிக்கு வந்தோர் பிறப்பின் பெயரை இழக்கின்றனர் என்றும் அவர் உரைத்தார். இழக்க வேண்டியது பிறப்பால் வந்த உயர்வு தாழ்வை. கையின் உழைப்பை இழக்கச் சொல்லவில்லை. விதிகன் தன் கல்லில் வைத்தது குலப்பெருமையுமன்று, குலவிழிவுமன்று. தன் உழைப்பின் பெயர்.

குடம் என்றேன். குடம் என்றவுடன் பலமனேரில் உள்ளோர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இவ்வூர்ப் பக்கத்தில் சுடுமண் கலை இன்றும் வாழ்கின்றது. களிமண்ணைச் சலித்து, மிதித்து, சக்கரத்திலேற்றி, சூளையிற் சுட்டெடுக்கும் குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். முற்காலத்தில் காசிப புத்தர் வாழ்ந்தபொழுது, காசி நாட்டரசன் கிகி அவரைத் தன் நகரிலேயே மழைக்காலம் தங்குமாறு வேண்டினான், அவர் இசையவில்லை. அரசன் மனம் வருந்தினான். "என்னினும் சிறந்த தொண்டன் உமக்கு உண்டோ?" என்று கேட்டான். "உண்டு, கடிகாரன் என்னும் குயவன்" என்றார் அவர். கண்ணிழந்த முதிய தாய்தந்தையரைக் காத்துக்கொண்டு, பானை வனைந்து, அதற்கு விலை கூறாமல், வந்தோர் தந்த அரிசியையும் பருப்பையும் ஏற்று வாழ்ந்தவன் அவன். ஒருமுறை காசிபருடைய குடில் ஒழுகியபொழுது, அவன் இல்லாத வேளையிற் பிக்குகள் சென்று அவன் கொட்டிலின் கூரைப்புல்லைப் பிரித்துக்கொண்டு வந்தனர். திரும்பிவந்து கேட்டறிந்த அவன், "என்னிடம் இவ்வளவு நம்பிக்கை வைத்தனரே" என்று மகிழ்ந்தானேயன்றி ஒரு சொல்லும் கடிந்திலன். அரசனுடைய அழைப்பினும் அக்குயவனுடைய கூரைப்புல் உயர்ந்ததாயிற்று.

இந்நெறியை நமக்கு மீட்டுத் தந்தோரையும் இவ்விடத்தில் நினைத்தல் வேண்டும். பண்டித அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். இங்கிருந்து அண்மையிலுள்ள கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில், சுரங்கத்திற் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர் அக்கிளையை வளர்த்தனர். பூமிக்கடியில் வியர்வை சிந்தியோர் தம் கூலியிலிருந்து ஈந்த காசில் அது வளர்ந்தது. பின்னர் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் பல இலட்சம் மக்களோடு தருமம் ஏற்றார். இவர்களெல்லாம் நம் காலத்து விதிகர்கள். அமராவதியின் பலகைகள் உடைந்துபோயினும், பலகை நாட்டும் வழக்கம் உடையவில்லை.

ஆகவே இளைஞரே, உம்முடைய வினாவுக்கு இதுவே முடிந்த விடை. நாம் அமராவதிக்குச் செல்வது கல்லிடம் வரம் கேட்க அன்று; நம் முன்னோர் வைத்த கல்லைக் காண. வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளாக அல்ல, கட்டியவர்களின் பிள்ளைகளாகச் செல்லுங்கள்.

செல்லும் முறை பற்றிச் சில சொல்வேன். புறப்படும் நாளிற் சீலம் ஏற்றுக்கொண்டு புறப்படுங்கள். வழியில் மதுவும் சூதும் வேண்டா. மேடையை மும்முறை வலம்வாருங்கள்: முதற்சுற்றில் புத்தரையும், இரண்டாவதில் தருமத்தையும், மூன்றாவதில் சங்கத்தையும் நினைத்து, வாய் பேசாது நடங்கள். மஞ்சளும் குங்குமமும் கற்பூரமும் எந்தக் கல்லிலும் சார்த்தவேண்டா. பழைய பழக்கம் கையை இழுக்கும், தடுத்துக்கொள்ளுங்கள். நினைவுக்கென்று ஒரு செங்கல் துண்டையும் எடுத்துவரவேண்டா. எடுத்தவர்களால்தான் அது பள்ளமாயிற்று. "மகனுக்கு வேலை கிடைக்கவேண்டும், மகளுக்கு மணம் முடியவேண்டும்" என்று அங்கே நின்று கேளாதீர்கள். அவற்றுக்காக முயலுங்கள், வேண்டுவதால் அவை வாரா. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். விதிகனுடைய கதையையும், தமிள கண்ணனுடைய கதையையும் அம்மேடையருகே அமர்ந்து சொல்லுங்கள். ஒரு பிள்ளையேனும் பிராமி எழுத்தைக் கற்க விரும்புமாயின் யாத்திரை பயன்பெற்றது.

பரிநிர்வாணப் படுக்கையில் பகவன் கிடந்தபொழுது மலர் சொரிந்தது, இசை முழங்கியது. அவையல்ல தமக்குச் செய்யும் பூசை, தருமத்தின்படி நடப்பதே தமக்குச் செய்யும் மேலான பூசை என்று அவர் ஆனந்தருக்கு உரைத்தார். அமராவதியில் நீங்கள் வைக்கும் மலர் மாலைக்குள் வாடும். திரும்பிவந்து நீங்கள் நாட்டவேண்டிய பலகை யாது என்பதை அங்கே நின்று முடிவுசெய்யுங்கள். மாலைவேளையிற் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது ஒருவர் பலகை. கள்ளை விடுவது ஒருவர் பலகை. நமக்குள்ளேயே நம்மினும் தாழ்ந்தவரென்று நாம் ஒதுக்கும் தெருவில் சென்று உணவருந்துவது ஒருவர் பலகை; அது மிகக் கனமான பலகை, அதைத் தூக்குவோர் நம்மிடையே இன்னும் குறைவு. மனைவியோடும் தாயோடும் மக்களோடும் சேர்ந்து, விதிகன் தூக்கியதுபோலத் தூக்குங்கள்.

தோன்றியவை மறையும். அதனைக் கௌண்டின்யர் உணர்ந்தார். அமராவதியின் பள்ளமும் அதனையே உணர்த்தும். ஆனால் ஒரு தோல் தொழிலாளியின் நன்றிநிறைந்த மனம், கல் உடைந்தும், சேதியம் அழிந்தும், இந்த மாலையில் பலமனேரில் நம்மிடம் வந்துசேர்ந்திருக்கின்றது. நற்செயலின் பயன் இவ்வாறு வரும்.

உங்கள் யாத்திரை இனிதே நிறைவேறுக! எல்லா உயிர்களும் நலமும் அமைதியும் பெறுக!

சாது! சாது! சாது!